ஸ்பிற்றிக் கற்களில் பழங்கடலைப் படித்த ஹென்றி ஹெய்டன்

யாங்கோன் நகரின் மேற்குப் பகுதியில், ஆற்றை அண்டி அமைந்திருப்பது அலோன். அந்நகர் இரங்கூன் என அழைக்கப்பட்ட பிரித்தானியர் காலத்தில் அதன் துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் உழைத்தோருள் தமிழர் பெருந்தொகையினராய் இருந்தனர். 1942 இல் யப்பானியப் படை பர்மாவினுள் நுழைந்தபோது இலட்சக்கணக்கான இந்தியர் கால்நடையாகவும் கப்பல் வழியாகவும் வெளியேறினர். 1962 இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றி, அதன்பின் வணிகத்தையும் கடைகளையும் அரசுடைமை ஆக்கியபோது இன்னொரு பெருந்திரள் புறப்பட்டது. வீட்டை விட்டுப் போவோர் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொள்வது எங்கும் உள்ள வழக்கம். ஒரு பித்தளைச் செம்பு, ஒரு நிழற்படம், ஒரு தாலிக்கொடி. இரண்டு தலைமுறை கழிந்ததும் அந்தச் செம்பு எவ்வூர்க் கன்னான் வார்த்தது, அந்தப் படத்தில் நிற்பவர் யாவர் எனக் கேட்டால் விடை சொல்வாரில்லை. பொருள் எஞ்சியிருக்கிறது. அது வந்த இடம் மறைந்துவிடுகிறது.

இக்கவலை எமக்கு மாத்திரம் உரியதென நாம் எண்ணுதல் கூடாது. கற்களை ஆராயும் புவிச்சரிதவியலாளருக்கும் இதுவே தலையாய கவலையாகும். மலையிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட உயிர்ச்சுவடு ஒன்று, எப்பாறையின் எப்படையிலிருந்து வந்தது என்னும் குறிப்பை இழந்துவிடுமாயின், அது அழகிய கல்லாகலாமேயன்றிச் சான்றாகாது. இவ்வுண்மையை நன்குணர்ந்து வாழ்ந்த ஒருவரின் வரலாற்றை இன்று எம் வாசகர்முன் வைக்கின்றோம். இமயத்தின் அப்பால் உள்ள ஸ்பிற்றிப் பள்ளத்தாக்கில், அரிசி மணியினும் சற்றே பெரிதான கடலுயிர்களின் சுவடுகளையும் அவற்றின் பெரிய உறவினரையும் திரட்டிய சேர் ஹென்றி ஹியூபேர்ட் ஹெய்டனே அவர்.

இளமையும் பணியும்

ஹெய்டன் 1869 ஆம் ஆண்டு அயர்லாந்தின் டெரி நகரில் பிறந்தார். டப்ளின் திரித்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றபின் 1895 இல் இந்தியப் புவிச்சரிதவியல் ஆய்வுத் திணைக்களத்திற் சேர்ந்தார். 1851 இல் கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட இத்திணைக்களத்தின் எல்லை அந்நாளில் மிகப் பரந்தது. பலுச்சித்தானத்திலிருந்து பர்மாவரை அது கிடந்தது. 1937 இல் பர்மா இந்தியாவினின்று பிரிக்கப்படும்வரை சான் மலைகளின் பாறைகளையும் ஐராவதிக் கரையின் எண்ணெய் ஊற்றுகளையும் ஆராய்ந்தோர் இத்திணைக்களத்தாரே.

இளம் ஹெய்டனுக்குக் கிடைத்த தொடக்கப் பணிகளில் ஒன்று வடமேற்கு எல்லையில் தீரா மலைநாட்டின் அமைப்பை எழுதுவதாகும். 1898 இல் அவ்வறிக்கை வெளிவந்தது. அடுத்து அவர் அனுப்பப்பட்ட இடம் ஸ்பிற்றி. இன்று இமாச்சலப் பிரதேசத்தின் பகுதியாகவுள்ள அந்நிலம் பனிமலைகளுக்கு அப்பால், மழை மறைவில் கிடப்பது. மரமில்லை, மண்மூடலுமில்லை. ஆகவே மலையின் எலும்புகள் வெளியே தெரியும். புவிச்சரிதவியலாளருக்கு இதனினும் சிறந்த ஏடு வேறில்லை. ஆனால் அந்த ஏட்டைத் திறந்து படிக்கக் கோடையின் சில மாதங்களே வாய்க்கும். கணவாய்களைப் பனி மூடுமுன் உள்ளே சென்று, மூடுமுன் வெளியேறிவிடல் வேண்டும்.

ஹெய்டனுக்கு முன்பே அங்கு சென்றோர் உளர். மொறாவியாவில் பிறந்த பேர்டினண்ட் ஸ்டொலிச்கா 1860களில் ஸ்பிற்றியின் பாறைத்தொடர்களுக்கு முதன்முதலில் ஒழுங்கான பெயர்களை இட்டவர். 1874 இல் யார்க்கந்துப் பயணத்தினின்று திரும்பும் வழியில் லடாக்கின் உயர்நிலத்தில் அவர் மாண்டார். அவரது உடல் லே நகரில் அடக்கம் செய்யப்பட்டது. திணைக்களத்தின் தலைவராயிருந்த ஒஸ்திரியர் கிறீஸ்பக் இமயத்தின் மிகப்பழைய படிவுகளை வகுத்தார். ஹெய்டனின் உடன்பணியாளராய் ஸ்பிற்றியில் உழைத்த அல்பிறெக்ற் வொன் கிறாவ்ற் 1901 இல் கல்கத்தாவில் இளம் வயதிலேயே இறந்தார். இவர்கள் அனைவரும் தம் தாய்நாட்டைவிட்டு வெகுதூரத்தில் வாழ்ந்து, அங்கேயே தமது உழைப்பை விட்டுச் சென்றவர்கள்.

பராகியோ ஆற்றங்கரையில்

ஸ்பிற்றி ஆற்றின் துணையாறு பின். அதனுடன் கலக்கும் சிற்றாறு பராகியோ. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 4000 மீற்றர் உயரத்தில், இவ்வாற்றின் ஓரத்தே களிப்பாறையும் மணற்பாறையுமாக அடுக்கடுக்காய் நின்ற படிவுகளில் ஹெய்டன் கேம்பிரியக் காலத்துத் திரைலோபைற்றுகளைக் கண்டார். இமயத்தின் உயிரற்றனபோல் தோன்றிய பழம் பாறைகளுக்குக் காலம் கூறும் சான்று அவ்வாறு கிடைத்தது.

திரைலோபைற் என்பது யாதெனச் சிலர் வினவலாம். நண்டு, இறால், பூச்சி ஆகியவற்றைப்போல் மூட்டுக்கால் உடைய கடலுயிர் அது. உடலின் நீளப்பாட்டில் நடுமடல் ஒன்றும் பக்கமடல் இரண்டுமாக மூன்று பகுதிகள் தெரிவதால் அப்பெயர் வந்தது. இன்றைக்கு ஏறத்தாழ 52 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் முற்றாக அழிந்துபோன குலம் அது. இக்குலத்தின் ஓரத்தில் நிற்பவை அக்நோஸ்டிட்டுகள் எனப்படும் சிற்றுருவங்கள். இவை பெரும்பாலும் சில மில்லிமீற்றர் நீளமே உடையவை. தலைக்கேடயமும் வாற்கேடயமும் ஏறத்தாழ ஒரே அளவின, இடையே இரண்டு கணுக்கள் மாத்திரம் உள, கண்கள் இல்லை. எது தலை, எது வால் என்று அறிவதே புதியவருக்குக் கடினம். சுவீடனில் இவை பாறைமேல் பயற்றம் பருப்பைச் சிந்தியதுபோல் செறிந்து கிடக்கும். அதனாலேயே அங்குள்ள இனமொன்றுக்குப் பட்டாணி உருவினது என்னும் பொருள்படும் பெயரை வைத்தனர். அக்நோஸ்டஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்கோ அறியப்படாதது என்பதே பொருள்.

அப்பெயர் இன்றும் பொருந்துகிறது. 1987 இல் ஜேர்மானிய ஆய்வாளர் இருவர், சுவீடனின் சுண்ணக் கற்களில் கால்களும் உணர்கொம்புகளும் கெடாமல் எஞ்சிய அக்நோஸ்டிட் குஞ்சுகளை விவரித்து, இவை திரைலோபைற்றுகளே அல்ல, நண்டுக் குலத்தின் மூதாதையர்க்கு நெருங்கியவை எனக் கருதினர். 2019 இல் கனடாவின் பேர்ஜெஸ் களிப்பாறையிற் கிடைத்த வளர்ந்த உயிர்களின் மென்னுறுப்புகளை ஆராய்ந்த வேறிருவர், இவை திரைலோபைற்றுகளின் நெருங்கிய உறவினவே என மறுத்தனர். வழக்கு எவ்வாறு முடியினும் இச்சிற்றுயிர்களின் பயன் ஐயத்துக்கு இடமற்றது. இவற்றுட் பல இனங்கள் உலகின் பல கடல்களிலும் பரவி வாழ்ந்து விரைவில் மறைந்தன. எனவே ஒரே இனம் சீனத்திலும் சுவீடனிலும் அமெரிக்காவிலும் காணப்படுமாயின் அப்பாறைகள் ஒரே காலத்தன எனத் துணியலாம். கேம்பிரியக் காலத்தின் உட்பிரிவுகளிற் பல இன்று இவற்றின் முதல் தோற்றத்தைக் கொண்டே வரையறுக்கப்படுகின்றன.

ஹெய்டன் ஸ்பிற்றியிற் செய்தது கண்டதைப் பொறுக்கிப் பையிலிடும் வேலையன்று. அவர் படிவுகளின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு படையாக நடந்தார். படையின் தடிப்பு எவ்வளவு, பாறை எத்தன்மையது, அதில் உயிர்ச்சுவடு உண்டா இல்லையா என்பவற்றை வரிசைப்படுத்தி எழுதினார். எடுத்த கல் ஒவ்வொன்றும் எப்படைக்கு உரியது என்பது அவ்வரிசையில் பதிவாயிற்று. ஒரு கல்லை உடைத்துப் பார்ப்பது சில நொடி வேலை. அதன் இடத்தை அளந்து எழுதுவதற்கோ அரை நாள் செல்லும். குளிர்காற்றில், மூச்சு முட்டும் உயரத்தில், பனிக்காலம் நெருங்கும் அவசரத்தில், அந்த அரை நாளை மிச்சம் பிடிக்க அவர் முயலவில்லை. ஸ்பிற்றியின் அமைப்புப் பற்றிய அவரது நூல் 1904 இல் திணைக்கள வெளியீடாக அச்சேறியது.

அக்கற்களைப் பெயரிட்டு விவரிக்கும் பணியைக் கேம்பிரிட்ஜில் இருந்த கௌப்பர் றீட் ஏற்றார். ஸ்பிற்றியின் கேம்பிரிய உயிர்ச்சுவடுகள் பற்றிய அவரது நூல் 1910 இல் வெளிவந்தது. பெரிய திரைலோபைற்றுகளுடன், அக்நோஸ்டஸ், மைக்ரோடிஸ்கஸ் என அந்நாளில் வழங்கிய பெயர்களின் கீழ்ச் சிற்றுருவங்களும் அதில் இடம்பெற்றன. இமயம் உயர்வதற்கு நெடுங்காலம் முன்னர் அங்கு அலையடித்த கடலின் வாழ்க்கை அவ்வாறு முதன்முறையாக உலகறியப் படமாக்கப்பட்டது.

படையின் பின்னே நடந்த அறிவு

ஹெய்டனைப் புகழ்ந்தெழுதும்போது மறைக்கலாகாத பக்கமும் ஒன்றுண்டு. 1903 இல் கேணல் யங்ஹஸ்பண்ட் தலைமையில் பிரித்தானிய இந்தியப் படையொன்று திபெத்தினுள் நுழைந்தது. தூதுக்குழு என்னும் பெயர் அதற்கு இடப்பட்டிருந்தது. 1904 மார்ச் மாத இறுதியில் குரு என்னுமிடத்தில் பழந்துப்பாக்கியும் வாளும் ஏந்திய திபெத்தியர் நூற்றுக்கணக்கில் இயந்திரத் துப்பாக்கிக்கு இரையாயினர். அப்படையுடன் புவிச்சரிதவியலாளராய்ச் சென்றவர் ஹெய்டன். மத்திய திபெத்தின் பாறையமைப்புப் பற்றி 1907 இல் அவர் வெளியிட்ட நூல் அறிவுலகுக்குப் புதையல். அப்புதையலுக்குச் செல்லும் வழியைத் திறந்தது எது என்பதை, படைகளின் காலடியில் ஊரிழந்த நாம் மறந்துவிட இயலாது.

இதுபோன்றே, ஸ்பிற்றியின் கணவாய்களில் கற்பொதிகளைச் சுமந்தோர் யாவர், வழிகாட்டிய ஊரவர் யாவர் என்பதையும் அக்காலத்து நூல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. கல்லுக்கு இலக்கம் இட்ட காலம், கல்லைச் சுமந்தவனுக்குப் பெயர் இடவில்லை. ஹெய்டன் ஒருவர்மீது மாத்திரம் சுமத்தத்தக்க குற்றமன்று இது. அக்காலத்தின் குற்றம் எனலாம். எனினும் குற்றமே.

அவரது பிற பணிகளும் சிறியன அல்ல. அளவைத் திணைக்களத்தின் பறார்ட் என்பாருடன் இணைந்து இமயம், திபெத் ஆகியவற்றின் புவியியல், புவிச்சரிதவியல் பற்றி அவர் எழுதிய நூல் 1907, 1908 ஆம் ஆண்டுகளில் பகுதி பகுதியாய் வெளிவந்து நெடுங்காலம் ஆதார நூலாய் விளங்கியது. வட ஆப்கானிஸ்தானின் பாறைகளைப் பற்றிய நூல் 1911 இல் வந்தது. 1910 இல் திணைக்களத்தின் தலைவராகி ஏறத்தாழப் பத்தாண்டுகள் அப்பதவியில் இருந்தார். 1915 இல் இலண்டன் றோயல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக்கியது. முதலாம் உலகப்போரின்போது உருக்கைக் கடினமாக்கும் வுல்பிரம் தாது பிரித்தானிய ஆலைகளுக்கு இன்றியமையாததாயிற்று. பர்மாவின் தவோய் மாவட்டம் அதற்குப் பேர்பெற்ற இடம். அங்கு உற்பத்தியைப் பெருக்கும் முயற்சியில் ஹெய்டனின் திணைக்களத்தார் ஈடுபட்டனர். கல்லில் உயிரைத் தேடியவர் கல்லிலிருந்து போர்க்கருவிக்குப் பொருள் தேடவும் நேர்ந்தது.

ஓய்வு பெற்றபின் 1922 இல் திபெத்திய அரசின் வேண்டுகோளின்பேரில், கனிவளம் ஆராய மீண்டும் அந்நாட்டுக்குச் சென்றார். இம்முறை முன்னே துப்பாக்கிகள் செல்லவில்லை. ஆல்ப்ஸ் மலை வழிகாட்டியான சேசார் கொஸன் அவருடன் சென்றார். பயணம் முடிந்து ஐரோப்பா திரும்பியபின்னும் இருவரின் தோழமை நீங்கவில்லை. 1923 ஓகஸ்டில் சுவிற்சர்லாந்தின் பின்ஸ்ரராகோர்ண் சிகரத்துக்கு இருவரும் சென்றனர், திரும்பவில்லை. தேடிச்சென்றோர் இருவரின் உடல்களையுமே கண்டெடுத்தனர். ஹெய்டனுக்கு அப்போது வயது 54. திபெத்தியப் பயணம் பற்றிய நூல் 1927 இல், இருவர் பெயரையும் தாங்கி வெளிவந்தது. முன்னாளில் சுமந்தோர் பெயரை எழுதாத உலகில், தன்னோடு நடந்த வழிகாட்டியின் பெயர் நூலின் முகப்பில் ஏறியது ஒரு சிறு ஆறுதல்.

நூறாண்டு கழித்து

ஒருவரது உழைப்பின் தரம் அவர் மறைந்தபின் பிறர் அதைச் சோதிக்கும்போதே தெரியவரும். ஹெய்டனின் சேகரிப்பு அவ்வாறு சோதிக்கப்பட்டது.

1989 இல் உலக அறிவியலாரைத் திகைக்கவைத்த செய்தியொன்று வெளியாயிற்று. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் பேராசிரியர் இமயத்திற் கிடைத்தனவாக ஏறத்தாழக் கால் நூற்றாண்டுகாலம் எழுதிவந்த உயிர்ச்சுவடுகளிற் பல உண்மையில் அங்கு கிடைத்தவை அல்ல என்பதை ஆவுஸ்திரேலிய ஆய்வாளர் யோன் ரலன்ற் வெளிப்படுத்தினார். மொறொக்கோவிலும் நியூயோர்க் மாநிலத்திலும் கிடைப்பவற்றோடு வேறுபாடு காணவியலாத கற்களும் அவற்றுள் இருந்தன. கற்கள் பொய்யல்ல. அவற்றுக்கு எழுதப்பட்ட ஊர்ப்பெயரே பொய். அவ்வொரு பொய்யினால் இமயம் பற்றிய நூற்றுக்கணக்கான கட்டுரைகள் ஐயத்துக்கு உள்ளாயின. அறியாது அவரோடு சேர்ந்தெழுதிய பலரின் பெயரும் கறைபட்டது.

நம்பிக்கை அவ்வாறு குலைந்திருந்த வேளையில்தான் இமயத்தின் கேம்பிரியத் திரைலோபைற்றுகளை ஆய்வாளர் மீண்டும் ஆராயத் தலைப்பட்டனர். கல்கத்தாவில் பேணப்பட்ட பழைய சேகரிப்பை அவர்கள் திறந்து நோக்கினர். யெல், ஹியூஸ் ஆகிய இருவரின் விரிவான நூல் 1997 இல் வந்தது. பின்னர் ஒரு குழுவினர் பராகியோவுக்கே சென்று மலையை மறுபடி அளந்தனர். அதன் பயன் 2009 இல் வெளியாயிற்று. ஹெய்டன் எழுதிவைத்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற படைகளைத் தேட அவர்களால் முடிந்தது. அங்கு கிடைத்த திரைலோபைற் பேரினம் ஒன்று ஹெய்டனாஸ்பிஸ் என அவர் பெயராலேயே வழங்குகிறது.

றீட் செய்த பிழைகளும் வெளிப்பட்டன. மலைகள் நெருக்குண்டு எழுந்தபோது அவற்றினுள் இருந்த சுவடுகளும் நீண்டும் குறுகியும் கோணலாயின. காசுமீரத்துக் கற்களை ஆராய்ந்தபோது அவ்வாறு கோணலான ஒரே இனத்தை அவர் பல இனங்களாகப் பிரித்துவிட்டார் என்பது 1992 இல் காட்டப்பட்டது. கற்களும் குறிப்பும் பேணப்பட்டிருந்தமையாலேயே பிழையைத் திருத்த இயன்றது. நேர்மையாய் எழுதப்பட்ட பிழை திருந்தும். பொய்க்கு அவ்வாய்ப்பு இல்லை.

யாவற்றினும் வியப்பூட்டுவது இனிக் கூறப்போவது. ஹெய்டன் எடுத்துவந்த கற்களிலிருந்து றீட் 1910 இல் விவரித்த இனங்களுள் ஒன்றுக்கு இந்திய நாட்டதெனப் பொருள்படும் இண்டிகஸ் என்னும் பெயரை இட்டார். ஒரிக்ரோசெபலஸ் இண்டிகஸ் என இன்று அறியப்படும் அவ்வினம் பின்னர் சீனம் உள்ளிட்ட வேறு பல நாடுகளிலும் கண்டறியப்பட்டது. 2018 இல், கேம்பிரியக் காலத்தின் நடுப்பகுதியின் தொடக்கத்தை உலகம் முழுமைக்கும் வரையறுக்கும் குறியாக அவ்வுயிரின் முதல் தோற்றமே ஏற்கப்பட்டது. எல்லைக்கான இடம் சீனத்தின் குயிசோ மாநிலத்தில் நாட்டப்பட்டது. ஆனால் எல்லையைக் காட்டும் உயிரின் பெயர் ஸ்பிற்றியின் ஓர் ஆற்றங்கரையில் நின்று அரை நாள் செலவிட்டு எழுதிய ஒருவரின் குறிப்பிலிருந்து பிறந்தது.

பர்மாவின் கதையோ வேறு. சான் மலைகளின் தென்பகுதியிலும் கேம்பிரியக் காலத்தின் பிற்பகுதிக்குரிய திரைலோபைற்றுகள் உள. ஆயினும் அந்நாட்டின் கேம்பிரிய உயிர்ச்சுவடுகள் முதன்முறையாக முறைப்படி விவரிக்கப்பட்டது 2021 இலேயே ஆகும். ஸ்பிற்றிக்கு 1910 இல் கிடைத்தது சான் மலைகளுக்குக் கிடைக்க மேலும் நூற்றுப் பதினோராண்டுகள் சென்றன. அதே 2021 இல் அந்நாட்டில் மீண்டும் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. மலைகளிலிருந்து மக்கள் மறுபடியும் பொதிகளோடு இறங்கினர். கற்கள் காத்திருக்கும். மனிதரின் நினைவு அவ்வளவு காலம் காத்திராது.

ஆகவே ஹெய்டனின் வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. எம் வீட்டு அலுமாரியில் உள்ள பழைய நிழற்படங்களை இவ்வாரம் வெளியே எடுப்போம். பெற்றோரும் பேரன் பேத்தியரும் உயிரோடிருக்கும்போதே அவர்களை அருகிலிருத்திக் கேட்போம். படத்தின் பின்புறத்தில் ஊர், ஆண்டு, நிற்பவர் பெயர் மூன்றையும் பென்சிலால் எழுதுவோம். அலோனில் விட்டுவந்த வீடாயினும் வேறெவ்வூரில் விட்டுவந்த வீடாயினும், அங்கிருந்து வந்த செம்புக்கும் ஒரு துண்டுக் கடதாசி கட்டுவோம். தெரியாததை ஊகித்து எழுதாது வெறுமையாய் விடுவோம். கற்சுமை சுமந்தோரின் பெயரை அக்காலத்தார் விட்டுவிட்டதுபோல் நாம் விடாது, பொதி சுமந்துவந்த எம்மவர் பெயரையும் சேர்த்தே எழுதிவைப்போம்.